புதர்க்காட்டில் குழி தோண்டுவோருக்கு ஒரு திறந்த மடல்

தமிழகத்தின் வறண்ட நிலங்களில் மரக்கன்று நட்டுவரும் தன்னார்வ அமைப்புகளுக்கும், ஊர்தோறும் இயங்கும் இளைஞர் மன்றங்களுக்கும், நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களுக்கும், அவர்களுக்கு நிலம் ஒதுக்கித் தரும் உள்ளாட்சிப் பிரதிநிதிகளுக்கும் எழுதப்படுவது.

கோடையில் முட்புதர்களைப் பொக்லைன் கொண்டு வழித்தெடுத்து, நிலத்தைச் சமன்செய்து, வரிசையாகக் குழி தோண்டி, ஐப்பசி மழைக்குக் காத்திருப்பது இன்று பல மாவட்டங்களில் வழக்கமான பணியாகிவிட்டது. இப்பணியில் ஈடுபடுவோரின் அக்கறையையும் உழைப்பையும் எவரும் குறைத்து மதிப்பிட இயலாது. வெயிலில் நின்று குழி தோண்டுவதும், நட்ட கன்றுக்குத் தொட்டிவண்டியில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றுவதும் எளிய செயல்கள் அல்ல. ஆயினும் அவ்வாறு வழித்தெடுக்கப்படும் புதர்களுக்குள் என்ன வாழ்கிறது என்பதைப் பெரும்பாலும் யாரும் பார்ப்பதில்லை. அங்கே வாழும் உயிர்களுள் ஒன்றான செரோபீஜியா என்னும் கொடிகளை முன்னிறுத்தி, அந்நிலத்தை வேறு விதமாகக் காணுமாறு கேட்பதே இம்மடலின் நோக்கம்.

ஆண்டின் பெரும்பகுதி வறட்சியும், வடகிழக்குப் பருவத்தில் சில வாரங்கள் மழையும் பெறும் சமவெளிகளிலும் குன்றடிவாரங்களிலும் இயல்பாக அமைந்த தாவரத் தொகுதியே முட்புதர்க்காடு. காரை, களா, சூரை, இலந்தை, சங்கஞ்செடி, கிளுவை, சதுரக்கள்ளி, விடத்தேரை, உசில், உடைமரம் ஆகியவை இதன் சட்டகம். பிரண்டை, வேலிப்பருத்தி, நன்னாரி, முடக்கத்தான் போன்ற கொடிகள் அச்சட்டகத்தைப் பற்றி வாழ்பவை. ஆள் உயரத்துக்குச் சற்று மேற்பட்டு வளர்ந்து நிற்கும் இக்காட்டை, வெட்டுண்டு சிதைந்த பெருங்காட்டின் எச்சம் என்று மட்டுமே கருதுவது பழைய பிழை. சிதைந்த இடங்கள் உண்டுதான். ஆனால் மண்ணின் ஆழமின்மையும் மழையின் அளவும் தீர்மானித்த உயரத்திலேயே நிலைத்து நிற்கும் புதர்க்காடுகளும் ஏராளமாக உண்டு. நடுவண் அரசின் நிலவளத் துறை, ஐதராபாத்திலுள்ள தேசியத் தொலையுணர்வு மையத்துடன் சேர்ந்து வெளியிடும் இந்தியத் தரிசுநில வரைபடத் தொகுதியில், அடர்ந்த புதர்நிலமும் திறந்த புதர்நிலமும் தரிசு வகைகளாகவே பட்டியலிடப்பட்டுள்ளன. வருவாய்ப் பதிவேட்டிலும் இந்நிலத்தின் பெரும்பகுதி புறம்போக்காகவே நிற்பதால், மரம் நட இடம் தேடுவோரின் கண் முதலில் இங்கேதான் விழுகிறது.

செரோபீஜியா என்பது ஒரு பேரினத்தின் பெயர். பேரினம் என்பது நெருங்கிய உறவுடைய பல சிற்றினங்களைச் சேர்த்துக் குறிக்கும் தொகுப்பு. எருக்கும் வேலிப்பருத்தியும் நன்னாரியும் அடங்கிய அப்போசைனேசி குடும்பத்தைச் சேர்ந்த இப்பேரினம், மேற்கே கேனரித் தீவுகளிலிருந்து ஆப்பிரிக்கா, மடகாஸ்கர், அரேபியா, இந்தியா, இலங்கை, தென்கிழக்காசியா வழியாக வட ஆஸ்திரேலியா வரை பரவியுள்ளது. கேனரித் தீவுகளின் எரிமலைச் சரிவுகளில் இலையற்ற குச்சிகளாக நிமிர்ந்து நிற்பவையும், நீலகிரியின் புல்வெளிகளில் சில விரற்கடை உயரத்தில் பூப்பவையும் இதில் உண்டெனினும், பெரும்பாலானவை சுற்றிப் படரும் மெல்லிய கொடிகளே. மலபார்ப் பகுதியின் தாவரங்களைப் படங்களுடன் விவரித்து 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக அச்சான ஹோர்த்தூஸ் மலபாரிக்குஸ் நூலில் இப்பேரினத்தின் கொடி ஒன்று இடம்பெற்றது. அதுவே 1753இல் தாவரவியலாளர் லின்னேயஸ் வெளியிட்ட சிற்றினத் தொகுப்பில் செரோபீஜியா கேண்டலாப்ரம் என்ற பெயரோடு அறிவியலுக்குள் நுழைந்தது. ஆகவே இத்தனை பரந்துள்ள இப்பேரினம் அறிவியலுக்கு அறிமுகமானதே தென்னிந்தியக் கொடி ஒன்றின் வழியாகத்தான்.

இந்தியாவில் ஐம்பதுக்கும் மேற்பட்ட செரோபீஜியாச் சிற்றினங்கள் உள்ளன. அவற்றுள் பெரும்பான்மை இந்நாட்டைத் தவிர வேறெங்கும் வளராதவை. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓரிரு குன்றுகளுக்குள் மட்டுமே அடங்கியவையும் உண்டு. தமிழகச் சமவெளியின் புதர்க்காடுகளில் காணத்தக்கவை சிலவே. அவற்றுள் செரோபீஜியா ஜன்சியா, புளிச்சான் என்ற பெயரால் நாட்டு மருத்துவத்தில் அறியப்படுவது. இலைகள் மிகச் சிறுத்து விரைவில் உதிர்ந்துவிட, சதைப்பற்றுள்ள பச்சைத் தண்டே இலையின் வேலையைச் செய்கிறது. செரோபீஜியா கேண்டலாப்ரமும் செரோபீஜியா பல்போசாவும் மண்ணுக்குள் கிழங்கு வைத்து, மழையில் தளிர்த்து, வறட்சியில் மறைபவை. 1795இல் வெளிவரத் தொடங்கிய சோழமண்டலக் கரைத் தாவரங்கள் நூலில் தாவரவியலாளர் வில்லியம் ராக்ஸ்பர்க், பல்போசாவையும் ஜன்சியாவையும் வண்ணப்படங்களுடன் விவரித்து, பல்போசாவின் கிழங்கை மக்கள் பச்சையாகவும் குழம்பிலிட்டும் உண்டதைப் பதிவுசெய்துள்ளார். பின்னர் கோயம்புத்தூரிலும் பாளையங்கோட்டையிலும் பணியாற்றிய ராபர்ட் வைட் இக்குடும்பத்தை விரிவாக ஆராய்ந்தார். அவருக்காக ரங்கையா, கோவிந்து என்னும் இரு தென்னிந்திய ஓவியர்கள் தீட்டிய தாவரப் படங்கள் இன்றளவும் ஆய்வாளர்களால் எடுத்துப் பார்க்கப்படுகின்றன.

இக்கொடியின் பூவை ஒருமுறை அருகிருந்து பார்த்தவர்கள் எளிதில் மறக்கமாட்டார்கள். இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளமுள்ள அப்பூ, அடியில் சிறு குடம்போல் பருத்து, நடுவில் ஒடுங்கிய குழலாக மேலெழுந்து, வாயில் சற்றே விரிகிறது. வாயின் விளிம்பிலிருந்து கிளம்பும் ஐந்து இதழ்மடல்கள் தனித்தனியே மலர்ந்துவிடாமல் நுனியில் ஒன்றுகூடி, ஐந்து சாளரங்கள் கொண்ட ஒரு கூண்டை அமைக்கின்றன. பசுமைகலந்த வெண்மையில் செம்பழுப்புப் புள்ளிகளோ கோடுகளோ ஓடும் நிறம் மனிதக் கண்ணை அவ்வளவாக ஈர்ப்பதில்லை, ஏனெனில் இப்பூ அழைக்கும் விருந்தினர் மிகச் சிறிய ஈக்கள். பூவிலிருந்து எழும் மணத்தை நாடி வரும் ஈ, சாளரம் வழியாக நுழைந்து குழலின் மெழுகுபடிந்த உட்சுவரில் காலூன்ற முயன்று, வழுக்கிக் கீழே விழுகிறது. குழலின் உட்புறத்தில் கீழ்நோக்கிச் சாய்ந்த மயிர்கள் உள்ளே செல்வதற்கு இடம் கொடுக்குமேயன்றி மேலேறி வருவதற்கு இடம் கொடா. அடியிலுள்ள குடத்தின் சுவரிலோ ஒளி ஊடுருவும் மெல்லிய பகுதி இருப்பதால், வெளிச்சத்தை நோக்கி விரையும் ஈ, மேலே இருக்கும் வாயை விட்டுவிட்டுக் கீழேயுள்ள இனப்பெருக்க உறுப்பையே சுற்றி வருகிறது.

அவ்வுறுப்பின் அமைப்பு இன்னும் நுட்பமானது. இக்குடும்பத்தில் செரோபீஜியாவும் எருக்கும் அடங்கிய பிரிவில் மகரந்தம் தூளாக உதிர்வதில்லை. ஒவ்வொரு மகரந்தப் பையிலும் உள்ள துகள்கள் அனைத்தும் மெழுகுபோன்ற ஒரே கட்டியாகத் திரண்டிருக்கும், அதனை மகரந்தத் திரள் என்பர். அடுத்தடுத்த இரு பைகளின் திரள்கள் நடுவிலுள்ள கருநிறக் கவ்வி ஒன்றால் பிணைக்கப்பட்டிருக்கும். இதனைக் கண்ணால் காண விரும்புவோர் செரோபீஜியாவைத் தேடி அலைய வேண்டியதில்லை. சாலையோர எருக்கம்பூவின் நடுவிலுள்ள ஐங்கோணத் தட்டின் விளிம்பில் ஒரு குண்டூசி நுனியை நுழைத்து மேலே இழுத்தால், கவ்வியும் அதில் தொங்கும் இரண்டு மஞ்சள் திரள்களும் ஊசியோடு வந்துவிடும். ஊசிக்குப் பதிலாக ஈயின் உறிஞ்சுவாயில் இக்கவ்வி மாட்டிக்கொள்வதே செரோபீஜியாவின் ஏற்பாடு. ஏறத்தாழ ஒரு நாள் கழிந்தபின் குழலின் மயிர்கள் வாடிச் சுருங்க, வழி திறக்கிறது. விடுபட்ட ஈ மற்றொரு பூவின் மணத்துக்கு மறுபடியும் மயங்கி உள்ளே விழும்போது, அது சுமந்துவந்த திரள் அங்குள்ள பிளவுக்குள் சரியாகப் பொருந்தினால்தான் கருவுறுதல் நிகழும். பொருத்தம் இத்தனை நுட்பமாக இருப்பதால் பூத்தவை எல்லாம் காய்ப்பதில்லை, காய்பிடிப்பு பொதுவாகவே குறைவு. இப்பொறிப்பூக்களின் இயக்கத்தை 1961இல் தாவரவியலாளர் ஸ்டெஃபான் ஃபோகெல் விரிவாக ஆராய்ந்து வெளியிட்டார்.

எந்த மணத்துக்கு ஈ மயங்குகிறது என்பதற்குக் கிடைத்துள்ள விடைகளுள் மிகவும் வியப்பூட்டுவது தென்னாப்பிரிக்கச் சிற்றினமான செரோபீஜியா சாண்டர்சோனியைப் பற்றியது. அன்னமரி ஹைடுக்கும் அவருடன் பணிபுரிந்த ஆய்வாளர்களும் 2016இல் வெளியிட்ட முடிவின்படி, அப்பூவின் மணம், எதிரியிடம் சிக்கிக் காயம்பட்ட தேனீயின் உடலிலிருந்து எழும் மணத்தை ஒத்திருக்கிறது. சிலந்தி பிடித்த தேனீயிடமிருந்து கசியும் சாற்றை உண்டு வாழும் டெஸ்மோமெடோபா என்னும் நுண்ணிய ஈ, இரை இருக்கிறதென்று நம்பி வந்து பூவுக்குள் விழுகிறது. தேனீயும் சிலந்தியும் ஈயும் கொடியும் ஒரே இடத்தில் வாழ்ந்தால் மட்டுமே நடக்கக்கூடிய உறவு இது. தமிழகச் சிற்றினங்களுக்கும் சிறு ஈக்களே மகரந்தத் தூதர்கள். அவ்வீக்கள் புதருக்கடியில் மக்கும் சருகையும், அங்குள்ள பூச்சிகளையும், நிழலின் ஈரத்தையும் நம்பி வாழ்பவை. புதரை எடுத்துவிட்டுக் கொடியை மட்டும் ஒரு தொட்டியில் வைத்துக் காப்பாற்றினால் அது பூக்கும். காய்க்குமா என்பது வேறு கேள்வி.

புதருக்கும் கொடிக்கும் உள்ள உறவு தூதர்களோடு முடிந்துவிடவும் இல்லை. சுற்றிப் படரும் கொடிக்குப் பற்றுக்கோல் வேண்டும். வைரம் பாய்ந்த தண்டு இல்லாத இக்கொடிக்குச் சூரையும் காரையும் அந்தப் பற்றுக்கோலைத் தருவதோடு, தம் முள்ளால் வெள்ளாட்டின் வாயிலிருந்தும் காக்கின்றன. இரட்டைக் காய் வெடித்ததும் பட்டுமயிர்க் குஞ்சத்துடன் காற்றில் மிதந்து செல்லும் விதை, வெட்டவெளியில் நிற்காமல் ஏதேனும் ஒரு புதரில் தடுக்கி விழுந்து, அதன் நிழலிலேயே முளைக்கிறது. ஆகவே நில அளவையில் பயனற்றதென எழுதப்படும் முட்புதரே இக்கொடிக்குக் கொழுகொம்பும் வேலியும் நாற்றங்காலும் ஆகிறது.

மரம் நடுவோர் எல்லாவற்றுக்கும் மேலாகக் கருத வேண்டிய செய்தி ஒன்று உண்டு. கிழங்குடைய செரோபீஜியாக்கள் தை, மாசிக்குப்பின் மண்ணுக்கு மேல் இருப்பதில்லை. காய்ந்த கொடி நொறுங்கிச் சருகோடு சருகாகிவிட, கிழங்கு மட்டும் சில விரற்கடை ஆழத்தில் மழை வரும்வரை உறங்குகிறது. நிலத்தைச் சுத்தம்செய்யும் வேலையோ பங்குனி, சித்திரை, வைகாசி மாதங்களில் நடக்கிறது. அம்மாதங்களில் அந்நிலத்தைச் சுற்றிப் பார்க்கும் ஒருவர், அவர் தாவரவியல் பேராசிரியராகவே இருந்தாலும், முள்ளையும் கல்லையும் தவிர வேறொன்றும் இல்லையென்றே முடிவுசெய்யக்கூடும். பொக்லைனின் கரண்டி ஓரடி ஆழம் வழிக்கும்போது கிழங்குகள் மண்ணோடு புரண்டு வெயிலில் காய்ந்து இறக்கின்றன. மழைக்காலத்தில் கன்று நட வருவோர்க்கு அங்கே ஒரு கொடி இருந்த அடையாளமே தெரிவதில்லை. கெடுதல் செய்பவருக்கே தெரியாமல் இவ்வாறு நடந்துமுடிந்துவிடும் அழிவு இது என்பதனால்தான் இம்மடல் எழுதப்பட வேண்டியதாயிற்று.

ஒரு கொடிக்காக இத்தனை கவலையா என்று கேட்கப்படலாம். கவலை அக்கொடிக்கு மட்டுமானதன்று. எருக்கின் இலையை உண்டு வளரும் வெந்தய வரியன் பட்டாம்பூச்சியின் புழுக்கள் செரோபீஜியாவையும் உண்கின்றன. குத்துச்செடியாக வளரும் கல்முளையான், கிராமத்தினர் நன்கறிந்த சதைப்பற்றுத் தாவரம், இப்பேரினத்தின் நெருங்கிய உறவு; மரபணு ஒப்பீட்டின் அடிப்படையில் அதையும் அதன் உறவினங்களையும் செரோபீஜியாவுக்குள்ளேயே சேர்த்து, எழுநூறுக்கும் மேற்பட்ட சிற்றினங்கள் கொண்ட ஒரே பேரினமாக்க வேண்டுமென 2017இல் புருய்ன்ஸும் அவருடைய குழுவினரும் முன்மொழிந்தனர். இதனை எல்லா ஆய்வாளர்களும் ஏற்கவில்லை என்றாலும், உறவின் நெருக்கத்தை யாரும் மறுப்பதில்லை. கௌதாரி, முயல், உடும்பு, நட்சத்திர ஆமை, நரி ஆகியவற்றுக்கும் இதே புதர்தான் வீடு. வல்லநாட்டின் முட்காட்டில் வெளிமான்கள் காக்கப்படுவதும், கரூர், திண்டுக்கல் மாவட்டங்களின் கடவூர்ப் பகுதியில் 11,806 ஹெக்டேர் பரப்பு 2022இல் தேவாங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டதும், வறண்ட காட்டின் மதிப்பை அரசே உணர்ந்து செயற்பட்ட நல்ல முன்னுதாரணங்கள். ஆனால் சரணாலய எல்லைக்கு வெளியே, ஊர்ப் பொதுநிலங்களிலும் குன்றடிவாரங்களிலும் சிதறிக்கிடக்கும் சிறு சிறு புதர்த்துண்டுகளுக்கு அத்தகைய காப்பு ஏதுமில்லை.

நகர வீடுகளின் மாடங்களில் இதய வடிவ இலைகளோடு தொங்கும் ஸ்ட்ரிங் ஆஃப் ஹார்ட்ஸ் என்னும் அலங்காரக்கொடியும் ஒரு செரோபீஜியாதான். தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த அது, நாற்றுப்பண்ணைகளில் நல்ல விலைக்குப் போகிறது. அதனை விரும்பி வளர்ப்பதில் குற்றமில்லை. அதே அன்பில் ஒரு பங்கு, ஊர் எல்லைப் புதரில் உறங்கும் அதன் உடன்பிறப்புக்கும் கிடைக்க வேண்டும் என்பதே விருப்பம். கோலாப்பூர் சிவாஜி பல்கலைக்கழகத்தின் தாவரவியல் தோட்டம் இந்தியச் செரோபீஜியாக்களைத் தேடிச் சேர்த்து வளர்த்துவருவதும், சில சிற்றினங்கள் திசு வளர்ப்பு முறையில், அதாவது செடியின் சிறு துணுக்கிலிருந்து ஆய்வகத்தில் கன்று உருவாக்கும் முறையில், பெருக்கப்படுவதும் பாராட்டத்தக்கவை. எனினும் தோட்டமும் ஆய்வகமும் அவசரகாலக் காப்பிடங்களேயன்றி, அவை புதர்க்காட்டின் இடத்தை நிரப்பமாட்டா.

2022இல் தொடங்கப்பட்ட பசுமைத் தமிழ்நாடு இயக்கம், மாநிலத்தின் காடு மற்றும் மரப் பரப்பை 23.7 விழுக்காட்டிலிருந்து 33 விழுக்காடாக உயர்த்த இலக்கு வைத்துள்ளது. இலக்கு நல்லது, அதற்கான மரங்கள் எங்கே நடப்படுகின்றன என்பதில்தான் கவனம் வேண்டும். ஏற்கெனவே உயிருள்ள புதர்க்காட்டை அகற்றிவிட்டு அங்கே புங்கனும் மலைவேம்பும் நட்டால் மரக்கணக்கு ஏறும். அந்நிலத்தில் இருந்த உயிர்களின் கணக்கு இறங்கும். ஆழமற்ற சரளை மண்ணில் நடப்பட்ட கன்றுகளில் எத்தனை மூன்றாவது கோடையைத் தாண்டுகின்றன என்பதை, நட்டவர்களே நன்கறிவார்கள். சீமைக்கருவேலத்தை அகற்றுவது மட்டும் வேறு. அயல்நாட்டிலிருந்து வந்து பரவிய அம்மரம் புதர்க்காட்டையே விழுங்குவது, ஆகவே அதை நீக்குவது செரோபீஜியாவுக்கும் நன்மையே. ஆனால் அதைத் தூரோடு பிடுங்குகிற பொக்லைன், அடியிலிருக்கும் காரையையும் சங்கஞ்செடியையும் பிரித்தறியாது. அத்தகைய இடங்களில் ஆட்களைக் கொண்டு அரிவாளாலும் கடப்பாரையாலும் செய்யும் வேலை மெதுவானது எனினும் பொருத்தமானது.

எனவே மரம் நடும் அமைப்புகளிடம் வைக்கப்படும் வேண்டுகோள்கள் எளியவை. எந்த நிலத்தையும் கோடையில் மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுக்காமல், அதற்கு முந்தைய ஐப்பசி, கார்த்திகையில் ஒருமுறையேனும் நடந்து பார்க்க வேண்டும். அந்நடையில் அருகிலுள்ள கல்லூரியின் தாவரவியல் ஆசிரியர் ஒருவரையும், அந்நிலத்தில் ஆடு மேய்க்கும் ஒருவரையும் உடன் அழைத்துச் செல்ல வேண்டும், ஏனெனில் எந்தப் புதரில் எந்தக் கொடி எப்போது பூக்கும் என்பதை அறிந்தவர் பெரும்பாலும் அவராகவே இருப்பார். உள்ளூர்ப் புதர்கள் நிறைந்திருக்கும் இடத்தை அப்படியே விட்டுவிட்டு, ஏரிக்கரை, சாலையோரம், பள்ளி வளாகம், கோயில் நந்தவனம், கைவிடப்பட்ட வயல், வீட்டு முற்றம் என்று மரம் உண்மையிலேயே தேவைப்படும் இடங்களுக்குக் கன்றுகளைக் கொண்டுசெல்ல வேண்டும். புதர்நிலத்தில்தான் ஏதேனும் செய்தாக வேண்டுமென்றால், எஞ்சிய சீமைக்கருவேலத்தைக் கையால் அகற்றி, சில ஆண்டுகள் மேய்ச்சலையும் தீயையும் கட்டுப்படுத்தி, இடைவெளிகளில் கிளுவையும் உசிலும் களாவும் நடலாம். ஊராட்சிகள் தம் எல்லைக்குள் உள்ள புதர்க்காடுகளை, உயிரிப்பன்மைச் சட்டத்தின்படி தயாரிக்க வேண்டிய மக்கள் உயிரிப்பன்மைப் பதிவேட்டில் தனியாகக் குறித்து வைக்கலாம். செரோபீஜியா அங்கே இருப்பது தெரியவந்தால், கிழங்கு தோண்டுவோர்க்கும் விற்போர்க்கும் வழிகாட்டிவிடாதபடி, சரியான இடத்தை வெளியிடாமல் பெயரை மட்டும் எழுதினால் போதும்.

பொக்லைனுக்கு முன்பணம் கொடுக்கும் முன், அந்நிலத்தில் மழைக்காலத்தில் ஒருமுறையேனும் நடந்து பார்க்குமாறு மரம் நடுவோர் அனைவரும் கேட்டுக்கொள்ளப்படுகின்றனர்.